எஃகு நீர்க்குழாய் வெயிலில் நீளும்போது: முதல் கணக்கிலிருந்து கடைசி வெல்டிங் வரை

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் தரைக்கு மேலே எஃகுத் தண்ணீர் லைன் போடுகிற இளம் பொறியாளர்களுக்கும் சூபர்வைசர்களுக்கும் இதை எழுதுகிறேன். வாய்க்கால் கடப்பு, பாலத்தை ஒட்டிப் போகும் பைப், ஆலைக்குள் ரேக்கில் ஓடும் லைன், பம்ப் ஹவுஸிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏறும் குழாய், எல்லாவற்றுக்கும் முறை ஒன்றுதான்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். விரிவு ஜாயின்ட்டை, அதாவது குழாய் நீள்வதையும் சுருங்குவதையும் தாங்கிக்கொள்ளும் இணைப்பை, முதலில் வாங்கிவிடுகிறார்கள். அதை எங்கே வைப்பது, எத்தனை மில்லிமீட்டர் திறந்து வைப்பது, அதன் இரண்டு பக்கமும் எது பிடித்துக்கொள்ளும் என்பதெல்லாம் அப்புறம்தான் நினைவுக்கு வருகிறது. வேலை வரிசை இதற்கு நேர் எதிர். ஜாயின்ட் கிட்டத்தட்ட கடைசியில் வர வேண்டிய பொருள்.

கணக்கைத் தொடர்ந்து பார்க்க ஓர் உதாரணத்தை முழுவதும் வைத்துக்கொள்வோம்: 508 மி.மீ. வெளிவிட்டம், 8 மி.மீ. கனம், 90 மீட்டர் நீளத்துக்குத் தரைக்கு மேலே செல்லும் கடப்பு. வேலை அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோ, சோதனை அழுத்தம் 9 கிலோ.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

லைனின் நீளவாக்கு வரைபடம் வேண்டும். அதில் ஒவ்வொரு வளைவு, வால்வு, கிளை, சுவரைத் துளைக்கும் இடம், மண்ணுக்குள் இறங்கும் இடம் எல்லாம் தொலைவோடு குறித்திருக்க வேண்டும். குழாயின் விட்டம், கனம், எஃகின் தரம். வேலை அழுத்தம், சோதனை அழுத்தம், பம்ப் திடீரென நின்றால் எழும் அதிர்ச்சி அழுத்தம். ஆங்கர் (குழாயை நகராமல் பிடித்து நிறுத்தும் பிளாக்) வரும் இடங்களின் மண் விவரம், மழைக்கால நீர்மட்டம்.

இவற்றோடு, குழாயின் மேல்தோலைத் தொட்டு அளக்கும் வெப்பமானி ஒன்று. துப்பாக்கி மாதிரி இருக்கும் அகச்சிவப்பு மானியை மட்டும் நம்ப வேண்டாம். பளபளப்பான எஃகிலும் அலுமினியப் பெயின்ட்டிலும் அது உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அதுதான் கையில் இருக்கிறது என்றால், அளக்கும் இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, சில நிமிடம் கழித்து அந்த டேப்பின் மேல் அளக்கவும்.

2. மண்ணுக்குள் இருப்பதைத் தனியே பிரியுங்கள்

இதை முதலில் செய்யக் காரணம், மண்ணுக்குள் இருக்கும் வெல்டிங் லைனுக்குப் பொதுவாக விரிவு ஜாயின்ட்டே தேவையில்லை. ஒரு மீட்டர் ஆழத்தில் வெப்பநிலை நாளுக்கு நாள் மாறுவதில்லை. மேலே கிடக்கும் மண்ணும் பைப்பை உராய்ந்து பிடித்துக்கொள்கிறது.

நகர முடியாத எஃகில் ஒரு டிகிரிக்கு 2.4 மெகா பாஸ்கல் தகைவு (பரப்பளவுக்கு வரும் உள்விசை) ஏறும். 40 டிகிரியில் மூடிய லைன், ஓடும் தண்ணீரால் 28 டிகிரிக்கு இறங்கினால் 29 மெகா பாஸ்கல் இழுவை. உள்ளழுத்தத்தால் வருவது நம் உதாரணத்தில் இன்னும் ஐந்தாறு. மொத்தம் 35 என்று வைத்தாலும், 235-இல்தான் நெகிழத் தொடங்கும் எஃகுக்கு இது பொருட்டே இல்லை. வெல்டிங் நன்றாக இருந்தால் போதும்.

சிக்கல் பள்ளத்தை மூடும் முன்புதான். திறந்த பள்ளத்தில் நாள் முழுக்கக் காய்ந்த பைப்பை மாலை நாலு மணிக்கு இரு முனையிலும் கட்டிப்போட்டால், இரவில் அது சுருங்கி இழுக்கும். எங்கேயாவது கப்ளிங் இருந்தால் கழன்றுவரும். அதனால் 120 முதல் 150 மீட்டருக்கு ஒரு மூட்டினை மட்டும் வெல்டு செய்யாமல் விட்டு, இரு பக்கமும் மண்ணை ஓரளவு மூடி, விடியற்காலையில் அந்த மூட்டை முடிக்கவும். பதிக்கும் முறைக்கு ஐ.எஸ். 5822 என்ற இந்தியத் தர விதி இருக்கிறது. வேலைக்குப் போகும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்து ஆற்றோர மணலில் நீர்மட்டம் மேலேயே இருக்கும். நம் உதாரணக் குழாய் காலியாக மீட்டருக்கு 99 கிலோ எடை. அது விலக்கும் நீரோ 203 கிலோ. மழை பெய்து பள்ளம் நிரம்பினால் காலிக் குழாய் மிதந்து மேலே வந்துவிடும். அப்போது விரிவுக் கணக்கு எதுவும் மிஞ்சாது.

குழாய் மண்ணிலிருந்து வெளியே வரும் இடத்தில் ஓர் ஆங்கர் கட்டாயம். இல்லாவிட்டால் புதைந்த பகுதியின் கடைசி சில மீட்டரும் மெல்ல நகரும். அந்த நகர்வு நம் 90 மீட்டர் கணக்கில் அடங்காது.

3. மூன்று வெப்பநிலைகளை எழுதுங்கள்

வானிலை அறிக்கையில் வரும் எண்ணை எடுத்துக் கணக்குப் போடுவது மிகப் பரவலான தவறு. அது நிழலில் இருக்கும் காற்றின் வெப்பநிலை. நமக்கு வேண்டியது உலோகத்தின் வெப்பநிலை.

முதலாவது, மிக அதிகம். அக்னி நட்சத்திர நாட்களில் கடற்காற்று மதியத்துக்குள் உள்ளே வந்துவிட்டால் கடலூர் கொஞ்சம் பிழைத்துக்கொள்ளும். மேற்கிலிருந்து அனல் காற்று அடித்து, கடற்காற்று தாமதமாகும் நாள்தான் மோசம். அன்று கறுப்புப் பெயின்ட் அடித்த காலிக் குழாயின் முதுகு 60 டிகிரியைத் தாண்டும். உதாரணத்துக்கு 62 வைத்துக்கொள்வோம்.

‘காலி’ என்ற சொல்லைக் கவனியுங்கள். தண்ணீர் ஓடும்போது உலோகம் கிட்டத்தட்டத் தண்ணீரின் வெப்பநிலைக்கே வந்துவிடும். ஆழ்துளைக் கிணற்று நீர் என்றால் சுமார் 30. ஆகவே ஓடும் லைன் அதிகம் நீளாது. மோசமான நிலை வருவது குழாய் பொருத்தும் நாட்களிலும், பழுதுக்காக லைனை வடித்துவிட்ட நாளிலும்தான். “இது தண்ணீர் லைன், சூடாகாது” என்று சொல்லி விரிவையே கணக்கில் எடுக்காதவர்கள் அந்த நாட்களை மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது, மிகக் குறைவு. மார்கழி, தை விடியலில் திறந்த வானத்தின் கீழ் கிடக்கும் உலோகம் காற்றைவிடவும் ஒன்றிரண்டு டிகிரி குளிரும். 18 என்று வைப்போம்.

மூன்றாவது, லைனை மூடும் கடைசி வெல்டிங்கின்போது உலோகம் இருக்கும் வெப்பநிலை. வரைபட மேசையில் இது தெரியாது. ஓர் எண்ணை இலக்காக வைத்து, அன்று அளந்து திருத்த வேண்டும். நம் இலக்கு 34.

வெள்ளைப் பெயின்ட் அடித்தால் சூடு நன்றாகவே குறையும். அடியுங்கள். ஆனால் அதை நம்பிக் கணக்கைக் குறைக்காதீர்கள். இரண்டு வருடத்தில் தூசியும் துருவும் படிந்து அது வெள்ளையாக இருக்காது.

4. எத்தனை மில்லிமீட்டர்

மீட்டரில் நீளம், அதை 0.012-ஆல் பெருக்கி, வெப்பநிலை வேறுபாட்டால் பெருக்கினால் மில்லிமீட்டரில் நகர்வு கிடைக்கும். விட்டமும் கனமும் இதில் வராது. பெரிய பைப் அதிகம் நீளும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பெரிய பைப் அதிக விசையோடு தள்ளும். நீள்வது ஒரே அளவுதான்.

நம் 90 மீட்டருக்கு டிகிரிக்கு 1.08 மி.மீ. இந்த எண்ணை வரைபடத்திலேயே பெரிதாக எழுதிவையுங்கள், சைட்டில் எல்லாக் கேள்விக்கும் இதுதான் பதில் தரும். 34-இலிருந்து 62-க்குப் போனால் 30 மி.மீ. நீளும். 34-இலிருந்து 18-க்கு இறங்கினால் 17 மி.மீ. சுருங்கும். மொத்த நடமாட்டம் 47.5 மி.மீ.

நகரவே விடாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். 28 டிகிரிக்கு 67 மெகா பாஸ்கல். எஃகுக் குழாய் அதைத் தாங்கிவிடும். ஆனால் அந்தத் தகைவை 12,566 சதுர மி.மீ. குறுக்குவெட்டால் பெருக்கினால் 86 டன் தள்ளுவிசை வருகிறது. குழாய் உடையாது, அது முட்டும் பொருள் உடையும். பெரும்பாலும் அது பம்பின் வார்ப்பிரும்பு ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பு), இல்லாவிட்டால் வால்வின் உடல்.

5. எது நகரக் கூடாது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

வரைபடத்தில் சிவப்புப் பேனாவால் நிலையான புள்ளிகளைக் குறியுங்கள்: பம்ப், பெரிய வால்வு, கிளை பிரியும் இடம், மண்ணிலிருந்து வெளிவரும் இடம், நேர் ஓட்டத்தின் முடிவில் வரும் வளைவு. இவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஆங்கர் வேண்டுமா என்று கேளுங்கள். பம்ப் தன் ஃபிளாஞ்ச்சால் லைனைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. ஆகையால் அதற்கு முன்னால் தனி ஆங்கர் வரும்.

இரண்டு ஆங்கருக்கு இடையில் நேர் ஓட்டத்தில் ஒரே ஒரு விரிவு ஜாயின்ட். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். பாதுகாப்புக்காக இரண்டு வைக்கிறேன் என்று ஒருவர் சொல்வார். இரண்டிலும் உராய்வு ஒரே அளவாக இருக்காது. இலகுவாக நகர்வது முழு நகர்வையும் தின்று எல்லையைத் தாண்டும், மற்றது சும்மா கிடக்கும். நடுவில் உள்ள துண்டை எதுவுமே பிடித்திருக்காது. இரண்டு ஜாயின்ட் வேண்டும் என்றால் நடுவில் மூன்றாவது ஆங்கர் வேண்டும்.

ஜாயின்ட் வரும் இடத்தையும் இப்போதே பார்த்துவிடலாம். கடப்பின் நடுவில் வைத்தால் உராய்வு இரு பக்கமும் சமமாகப் பிரியும் என்பது உண்மை. ஆனால் அங்கே போய் பேக்கிங்கை (ஜாயின்ட்டில் கசிவை அடைக்கும் திணிப்பை) இறுக்குவது யார்? கரையோரம், ஆங்கருக்குப் பக்கத்தில், ஆள் நின்று கை எட்டும் இடத்தில் வைப்பதையே நான் விரும்புவேன். கை எட்டாத ஜாயின்ட்டை யாரும் பராமரிப்பதில்லை.

6. நகர்வை எதில் வாங்குவது

லைனிலேயே வளைவு இருந்தால் முதலில் அதைப் பயன்படுத்துங்கள். பேக்கிங் இல்லை, கசிவு இல்லை, ஆங்கருக்கு அழுத்த விசையும் இல்லை. வளைந்து கொடுக்கும் கால் எவ்வளவு நீளம் வேண்டும் என்பதற்குத் தோராயக் கணக்கு உண்டு. எஃகின் மீள்மைக் குணகம், விட்டம், நகர்வு மூன்றையும் பெருக்கி, மூன்றால் பெருக்கி, அனுமதித்த தகைவால் வகுத்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 30 மி.மீ. நகர்வுக்கு, 100 மெகா பாஸ்கல் அனுமதித்தால், நம் குழாய்க்கு 9.6 மீட்டர் கால் வேண்டும். ஆலைக்குள் 100, 150 மி.மீ. லைன் என்றால் இந்த வழிதான் சிறந்தது. 508-க்கு இடம் கிடைப்பது கடினம்.

அப்படிக் கிடைக்காதபோதுதான் ஜாயின்ட். ஒரு குழாய் இன்னொன்றுக்குள் சறுக்கும், பேக்கிங் வைத்த ஸ்லீவ் வகை அதிக நகர்வைத் தாங்கும், தண்ணீர் லைனுக்கு ஏற்றது. கசிந்தால் இறுக்கலாம். துருத்தி மாதிரி மடிப்புகள் உள்ள உலோக பெல்லோஸ் கசியாது, ஆனால் மெல்லிய தகடு. கடலோரத்தில் உப்புக்காற்றையும் நீரிலுள்ள குளோரைடையும் பார்க்காமல் சாதாரண 304 துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் வாங்கினால் குழிக்குழியாக அரிக்கும். குறைந்தது 316 எல் கேளுங்கள். ரப்பர் பெல்லோஸ் பம்ப் ஹவுஸுக்குள் அதிர்வுக்கு நல்லது. திறந்த வெயிலில் காய்ந்து வெடிக்கும்.

இங்கே மூன்று தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். டை ராடு போட்டு இறுக்கிய டிஸ்மேன்டிலிங் ஜாயின்ட்டை விரிவு ஜாயின்ட் என்று நினைப்பது ஒன்று. வால்வைக் கழற்ற இடம் கொடுப்பதுதான் அதன் வேலை. இறுக்கிய பின் அது நகராது. பெல்லோஸோடு வண்டியில் வரும் போக்குவரத்துக் கம்பிகளைக் கழற்றாமல் விட்டுவிடுவது இன்னொன்று. பெரும்பாலும் மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கும், பொருத்தி முடித்து ஆங்கரும் கைடும் (குழாயை நேராக நகர வழிகாட்டும் பிடி) தயாரான பின் அவற்றை எடுத்துவிட வேண்டும். மூன்றாவது, பெல்லோஸின் உள் ஸ்லீவின் அம்புக்குறியை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி வைப்பது.

7. கைடும் சேடிலும்

ஜாயின்ட் இருக்கும் குழாய், நுனியில் அழுத்தப்படும் நீண்ட குச்சி மாதிரி. நேராகப் போக வழி காட்டாவிட்டால் பக்கவாட்டில் வளைந்துவிடும். ஜாயின்ட்டிலிருந்து விட்டத்தின் நாலு மடங்குக்குள் முதல் கைடு, அங்கிருந்து பதினாலு மடங்குக்குள் இரண்டாவது. நம் குழாய்க்கு 2 மீட்டர், அப்புறம் 7 மீட்டர். மற்றவை தயாரிப்பாளர் தரும் அட்டவணைப்படி. கைடுக்கும் குழாய்க்கும் இடையில் ஒன்றரை முதல் மூன்று மி.மீ. இடைவெளி இருக்கட்டும்.

சேடில் என்பது குழாய் உட்காரும் தாங்கி. அதன் வேலை சுமப்பது மட்டுமே. பிடித்துக்கொள்ளக் கூடாது. யூ போல்ட் போட்டால் இரட்டை நட் வைத்து, குழாயைத் தொடாத அளவில் நிறுத்துங்கள்.

இதைச் சொல்லும்போது ஒரு வேலை நினைவுக்கு வருகிறது. ஓர் ஆலையில் லைன் முடிந்து, சோதனையும் முடிந்து, பெயின்ட் அடிக்க வேறு ஆட்கள் வந்தார்கள். குழாய் ஆடுகிறதே என்று நல்லெண்ணத்தோடு எல்லா யூ போல்ட்டையும் இறுக்கிவிட்டார்கள். சித்திரையில் பழுதுக்காக லைனை வடித்தோம். மறுநாள் மதியம் ஃபிட்டர் வந்து, “சார், வால்வு ஃபிளாஞ்ச்சுல ஒரு கோடு தெரியுது, வந்து பாருங்க” என்றார். மயிரிழை விரிசல். வார்ப்பிரும்பு, ஒட்டவைக்க முடியாது. அன்றிலிருந்து ஒவ்வொரு யூ போல்ட்டுக்கும் பக்கத்தில் ‘இறுக்காதே’ என்று பெயின்ட்டில் எழுதவைக்கிறேன். வரைபடத்தில் எழுதினால் பெயின்ட்டர் பார்க்க மாட்டார்.

சுவரைத் துளைக்கும் இடமும் அப்படித்தான். ஸ்லீவ் குழாய் வைத்து இடைவெளி விட்டிருப்பீர்கள். கொத்தனார் அதைச் சிமென்ட்டால் அழகாக அடைத்துவிடுவார். அந்தச் சுவர் உங்களுக்குத் தெரியாத ஆங்கர் ஆகிவிடும். இடைவெளியை நெகிழும் பொருளால் நீங்களே முதலில் அடைத்துவிடுங்கள்.

8. ஆங்கர் எவ்வளவு தாங்க வேண்டும்

புதியவர்கள் விட்டுவிடும் பெரிய எண் இங்கேதான் இருக்கிறது. ஜாயின்ட் வைத்த கணமே குழாய் நீளவாக்கில் அறுந்த மாதிரி. உள்ளே இருக்கும் அழுத்தம் இரு பக்கத்தையும் பிரித்துத் தள்ளும். அதைப் பிடித்து நிறுத்த ஆங்கரை விட்டால் வேறு எதுவும் இல்லை.

ஸ்லீவ் வகையில் குழாயின் வெளிவிட்டப் பரப்பு கணக்குக்கு வரும்: 2,027 சதுர செ.மீ. சோதனை அழுத்தம் 9 கிலோ என்றால் 18.2 டன். பெல்லோஸ் என்றால் தயாரிப்பாளர் தரும் செயல் பரப்பை எடுங்கள், அது குழாயின் பரப்பைவிட அதிகம். அதிர்ச்சி அழுத்தம் சோதனை அழுத்தத்தைவிடப் பெரிதாக இருந்தால் அதையே வையுங்கள்.

இதோடு உராய்வு. தண்ணீரோடு நம் குழாய் மீட்டருக்கு 289 கிலோ, 90 மீட்டருக்கு 26 டன். எஃகின் மேல் எஃகு சறுக்கினால் உராய்வுக் குணகம் 0.3 வைத்து 7.8 டன். சேடிலில் டெஃப்லான் தகடு போட்டால் 0.1 வைத்து 2.6 டன். பேக்கிங்கின் உராய்வைத் தயாரிப்பாளரிடம் கேட்டுச் சேருங்கள். இங்கே அதை விட்டுவிட்டுப் பார்க்கிறேன்.

அந்த 5 டன் வித்தியாசம் சின்னதாகத் தெரியும். எடையால் மட்டும் நிற்கும் கான்கிரீட் பிளாக் என்று வைத்து, தரை உராய்வு 0.4, பாதுகாப்பு 1.5 போட்டுப் பாருங்கள். டெஃப்லான் இல்லாமல் 97 டன் எடை, அதாவது சுமார் 41 கன மீட்டர் கான்கிரீட். டெஃப்லானோடு 78 டன், சுமார் 33 கன மீட்டர். சில சதுர அடித் தகடு எட்டு கன மீட்டர் கான்கிரீட்டை மிச்சப்படுத்துகிறது. பிளாக்கைக் கவிழ்க்கும் விசையையும் தனியே சரிபார்க்க வேண்டும். குழாயின் மையம் தரைக்கு மேலே இருப்பதால் பல நேரம் அதுதான் அளவைத் தீர்மானிக்கும்.

நம் ஊருக்கு இன்னொரு திருத்தம் உண்டு. கன மீட்டருக்கு 2.4 டன் என்ற கான்கிரீட் எடை, நீர்மட்டத்துக்குக் கீழே 1.4 டன்னாகக் குறைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பக்கத்து வீட்டுக் கிணற்றைப் பார்த்துக் கேளுங்கள். கோடையில் தோண்டிய சோதனைக் குழியை நம்பாதீர்கள். எடை போதாவிட்டால் பைல் அடித்து நிறுத்துவது மலிவாகவே முடியலாம். விரிவு ஜாயின்ட் உள்ள பெருங்குழாய்களின் ஆங்கர் பிளாக்குக்கு ஐ.எஸ். 5330 இருக்கிறது. நீர்மின் குழாய்க்காக எழுதியது என்றாலும் விசைகளை வரிசைப்படுத்தும் முறையைக் கற்றுக்கொள்ள நல்லது.

9. கடைசி வெல்டிங் நாள்

எல்லாக் கணக்கும் இந்த ஒரு காலையில் வந்து முடிகிறது. நகர்வுத் திறன் 75 மி.மீ. உள்ள ஸ்லீவ் ஜாயின்ட் வாங்கியிருக்கிறோம். தேவை 47.5. மிச்சம் 27.5, பக்கத்துக்கு ஏறக்குறைய 14. ஆக 34 டிகிரியில் மூடுவதற்கு 30 மி.மீ., அதோடு 14, மொத்தம் 44 மி.மீ. உள்ளே போக இடம் விட்டு வைக்க வேண்டும்.

உலோகம் 30 டிகிரியில் இருந்தால் 48 மி.மீ. 45-இல் இருந்தால் 32. 55-இல் இருந்தால் 21. டிகிரிக்கு 1.08 கூட்டிக் கழித்தால் போதும். இதைத் தாளில் எழுதி ஃபிட்டர் கையில் கொடுத்துவிடுங்கள்.

‘நடுவில் வைத்துவிட்டோம், இரு பக்கமும் போகட்டும்’ என்பார்கள். மதியம் 55 டிகிரியில் நடுவில், அதாவது 37.5 மி.மீ.யில் வைத்தால் என்ன ஆகும்? தை மாத விடியலில் குழாய் 37 டிகிரி குளிர்ந்து 40 மி.மீ. சுருங்கும். திறந்துகொள்ள இருப்பது 37.5 மட்டுமே. ஜாயின்ட் தன் எல்லையைத் தாண்டி இழுபடும், பேக்கிங்கிலிருந்து பீறிடும். பொருத்திய நாளில் எல்லாம் சரியாகத்தான் தெரிந்திருக்கும்.

நேரம்: விடியற்காலை ஐந்தரை முதல் ஏழு. குளிர்ச்சிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அப்போதுதான் குழாய் முழுக்க ஒரே வெப்பநிலையில் இருக்கும். வெயில் ஏறினால் முதுகு சூடாகி அடிவயிறு குளிர்ந்து, காலிக் குழாய் வில் மாதிரி மேலே வளைந்து சேடிலை விட்டே எழும்பும். அப்போது அளக்கும் நீளம் எதற்கும் உதவாது. மேல், கீழ், இரு பக்கம் என்று நாலு இடத்தில் அளந்து, வித்தியாசம் 3 டிகிரிக்குள் இருந்தால் மட்டும் தொடருங்கள்.

முதல் நாளே மற்ற எல்லா மூட்டையும் முடித்து, ஆங்கரும் இறுகி, கைடும் பொருந்தியிருக்க வேண்டும். காலையில் ஒரே ஒரு மூட்டு மிச்சம் இருக்கட்டும். தாமதமாகும் என்று தெரிந்தால் தென்னங்கீற்றுத் தட்டியால் நிழல் கட்டிக்கொள்ளுங்கள். ஈரச் சாக்கு போர்த்துவதும் உதவும், ஆனால் வெல்டிங் நடக்கும் இடத்திலிருந்து தள்ளியே இருக்க வேண்டும். ஈரம் பட்டால் வெல்டு கெடும்.

பெல்லோஸ் என்றால் ஈரத்துணியும் கல்நார் அல்லாத தீத்தடுப்புப் போர்வையும் போட்டு மூடுங்கள். ஒரு பொறி தெறித்தாலும் அந்த மெல்லிய தகட்டில் ஓட்டை விழும். வெல்டிங் எர்த்தை ஜாயின்ட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டி, மின்னோட்டத்தை அதன் வழியே போகவிடாதீர்கள்.

ஒழுங்கில்லாமல் வந்த பைப்புகளை இழுத்துப் பிடித்து நேராக்க ஜாயின்ட்டைப் பயன்படுத்தும் பழக்கம் இருக்கிறது. வேண்டாம். குழாயை வெட்டிச் சரிசெய்யுங்கள். நகர்வுக்கு வாங்கிய திறனைப் பொருத்தும் பிழைக்குச் செலவழித்தால், நகர்வுக்கு எதுவும் மிஞ்சாது.

10. தண்ணீர் நிரப்பி அழுத்திப் பார்த்தல்

ஆங்கர் கான்கிரீட் முழு வலிமைக்கு வரும் முன் அழுத்தம் ஏற்றக் கூடாது. 18 டன் முதன்முதலாக வருவது இந்த நாளில்தான். ஏர் வால்வுகளைத் திறந்து மெதுவாக நிரப்புங்கள். நிரப்பும் முன், நிரப்பிய பின், அழுத்திய பின் மூன்று முறையும் ஜாயின்ட் இடைவெளியை அளந்து எழுதுங்கள். அழுத்தியதும் இடைவெளி நகர்ந்தால் ஆங்கர் நகர்கிறது என்று பொருள். உடனே இறக்குங்கள்.

இனி சொல்லப்போவது பலருக்குத் தெரியாதது. இரண்டு வால்வுக்கு நடுவில் காற்றே இல்லாமல் தண்ணீர் அடைபட்டு, குழாய் வெயிலில் சூடானால் அழுத்தம் எகிறும். தண்ணீர் எஃகைவிடப் பல மடங்கு விரியும். நம் குழாயின் அளவுக்கு ஒரு டிகிரிக்கு 3 முதல் 4 கிலோ ஏறும். காலை ஏழு மணிக்குச் சோதனையை முடித்து, இரு பக்கமும் வால்வை மூடிவிட்டுச் சாப்பிடப் போனால், ஐந்து டிகிரி ஏறுவதற்குள் 15 கிலோவுக்கு மேல் கூடிவிடும். 9 கிலோவுக்குக் கணக்கிட்ட ஆங்கருக்கு அது தெரியாது. சோதனை முடிந்த கையோடு அழுத்தத்தை இறக்கி, ஒரு வழியைத் திறந்தே வையுங்கள். நிரந்தரமாக அடைபடக்கூடிய பகுதியில் ஒரு சின்ன பாதுகாப்பு வால்வு வைத்துவிடுங்கள்.

இதே காரணத்தால் மானியின் முள்ளும் ஏமாற்றும். மாலையில் குளிரும்போது அழுத்தம் தானாக இறங்கும், கசிகிறது என்று நினைத்து நல்ல வெல்டை நோண்டுவார்கள். வெயில் ஏறும்போது உண்மையான கசிவு மறைந்துவிடும். ஒவ்வொரு அழுத்த அளவுக்கும் பக்கத்தில் உலோக வெப்பநிலையை எழுதினால் இந்தக் குழப்பம் வராது.

11. முதல் ஒரு வருடம்

ஜாயின்ட்டில் அசையும் பக்கத்தில் பெயின்ட்டால் ஒரு கோடு, நிலையான பக்கத்தில் ஓர் ஸ்கேல். மாதம் ஒருமுறை, ஒரே நாளில் விடியலிலும் மதியம் இரண்டு மணிக்கும் இடைவெளியையும் வெப்பநிலையையும் எழுதுங்கள். டிகிரிக்கு 1.08 என்ற நம் எண்ணோடு ஒப்பிடுங்கள். கணக்கைவிடக் குறைவாக நகர்ந்தால் எங்கோ பிடிப்பு இருக்கிறது: துருப்பிடித்த சேடில், இறுக்கிய யூ போல்ட், சிமென்ட் அடைத்த சுவர். அதிகமாக நகர்ந்தால் ஆங்கர் அசைகிறது.

லைனை வடிக்கும் ஒவ்வொரு முறையும், அது எத்தனை மணி நேர வேலையாக இருந்தாலும், மதியம் ஒருவர் போய் ஜாயின்ட்டைப் பார்த்துவர வேண்டும்.

புயலும் வெள்ளமும் வந்துபோன பிறகு முழு லைனையும் நடந்து பாருங்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயலையும், 2024-இல் ஃபெஞ்சலையும் அதையொட்டித் தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தையும் பார்த்த ஊர் இது. தூண் அடியில் மண் அரித்து ஒரு சேடில் இரண்டு விரற்கடை இறங்கினாலும் கைடு கோணலாகி குழாயைக் கவ்விக்கொள்ளும். வெள்ளம் வடிந்து சேறு காயும் முன் போனால் அரிப்பு கண்ணுக்குத் தெரியும். கைடின் இரு பக்கமும் ஒரு மெல்லிய தகட்டைச் செருகிப் பாருங்கள். தகடு ஒரு பக்கம் நுழையாவிட்டால், சேடிலுக்கு அடியில் ஷிம் (மட்டம் உயர்த்தும் தகட்டுத் துண்டு) கொடுத்துப் பழைய மட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகே தண்ணீரைத் திறந்துவிடுங்கள்.